டிக்கி பெருசானா வேன் ஆகிடுமா? நோட்டுப் பக்கத்தில் பதில் வரைந்த பென் பான்!

வீடு மாத்துறப்போ ஃபிரிட்ஜை கார் டிக்கியில ஏத்த முடியாதுனு எல்லாருக்கும் தெரியும். ஆனா, அந்தக் காரைவிடக் கொஞ்சமே நீளமான ஒரு வேன்ல ஃபிரிட்ஜோட பீரோவும் போயிடும். ரெண்டுலயும் நாலு சக்கரம், ஒரு இன்ஜின்தான். அப்புறம் எப்படி இவ்ளோ வித்தியாசம்? இந்தக் கேள்விக்கு சில கோடுகளில் விடை வரைந்தவர், நெதர்லாந்தைச் சேர்ந்த கார் வியாபாரி பென் பான்.

1904-ல் அமர்ஸ்ஃபோர்ட் நகரத்தில் பிறந்தவர் பென். அப்பா கடைக்காரர். தையல் மெஷின், சைக்கிள் என்று விற்ற அந்தக் கடை, பிறகு கார் வியாபாரத்துக்கும் வளர்ந்தது. பென்னும் அவர் சகோதரரும் அதைத் தொடர்ந்தார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் பென்னின் கண், ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க்கில் இருந்த ஃபோக்ஸ்வேகன் தொழிற்சாலை மேல் விழுந்தது. அப்போது அதை நடத்திக்கொண்டிருந்தது பிரிட்டிஷ் ராணுவம். அங்கே தயாரான பீட்டில் கார்களைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது பென்னின் திட்டம்.

காரைத் தேடிப் போனவர் கண்டது!

தொழிற்சாலைக்குள் விநோதமான ஒரு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பீட்டிலின் அடிச்சட்டத்தில் செய்தது. முன்னால் வெறும் பலகை, பின்னால் இன்ஜின், அதன் மேல் டிரைவர் சீட். உதிரிபாகங்களை இங்கிருந்து அங்கே கொண்டுபோக, தொழிலாளர்களுக்காகச் செய்துகொண்ட வண்டி அது. போரில் சிதைந்த ஊர்களில் சின்ன வியாபாரிகளுக்கு இப்படியொரு மலிவான சுமை வண்டி எவ்வளவு உதவும் என்று பென்னுக்கு உடனே புரிந்தது.

ஆனால், நெதர்லாந்து போக்குவரத்துத் துறை அனுமதி தரவில்லை. சாலையில் ஓடும் வண்டிக்கு டிரைவர் முன்னால்தான் உட்கார வேண்டும் என்பது அவர்கள் விதி. வேறு யாராவது என்றால் அத்தோடு விட்டிருப்பார்கள். பென் நோட்டை எடுத்தார்.

1947 ஏப்ரல் 23. ஒரு பெட்டி மாதிரி வரைந்தார். டிரைவரை முன் சக்கரத்துக்கு மேலே உட்கார வைத்தார். இன்ஜினைப் பின்னாலேயே விட்டார். நடுவில் இருக்கும் மொத்த இடமும் சுமைக்கு. அவ்வளவுதான் ஓவியம்!

அந்தப் படத்தில் என்ன விசேஷம்?

கார் டிசைனில் முதல் இடம் மனிதர்களுக்கு. ஆட்டம் குறைவா இருக்கிற நடுப்பகுதியில் சீட் போடுவாங்க. மிச்சம் இருக்கும் மூலைதான் லக்கேஜுக்கு. பீட்டில்ல முன்னால ஒரு சின்ன டிக்கி, பின் சீட்டுக்குப் பின்னால கொஞ்சம் இடம், அவ்வளவே. சாதாரண கார்ல டிக்கியை மூட்டைகளால நிரப்பிப் பாருங்க. பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் தூக்கும். ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பழைய மாதிரி இருக்காது.

பென் இதைத் தலைகீழாக மாற்றினார். நடுவில் இருக்கும் நல்ல இடம் சுமைக்கு. முன்னால் இருக்கும் டிரைவரும் பின்னால் இருக்கும் இன்ஜினும் ஒன்றுக்கொன்று ஈடு. சுமை இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் உட்காருவதால், வண்டி காலியாக ஓடினாலும் நிறைந்து ஓடினாலும் சமநிலை பெரிதாக மாறாது.

பீட்டில் தாங்கலை!

யோசனை உடனே ஏறவில்லை. கார் தயாரிக்கவே திணறிய பிரிட்டிஷ் நிர்வாகம் மறுத்துவிட்டது. அதே 1947 ஆகஸ்ட்டில் பென் பீட்டில்களின் இறக்குமதியாளர் ஆனார். 1948-ல் ஃபோக்ஸ்வேகன் பொறுப்புக்கு வந்த ஹைன்ஸ் நார்டாஃப், அந்தப் பெட்டி வண்டியைச் செய்துபார்க்கச் சொன்னார்.

முதல் மாதிரி, பீட்டிலின் அடிச்சட்டத்திலேயே எழுந்தது. 1949-ல் சோதனை ஓட்டத்தில் சுமை தாங்காமல் சட்டம் தளர்ந்துபோனது. நாலு பேருக்காகச் செய்த சட்டம், முக்கால் டன் சரக்குக்குப் போதாது. பிறகு நீளமான உத்தரங்களை அடியில் கொடுத்து, உடலோடு ஒன்றாக இணைத்தார்கள். 1950 மார்ச் 8-ல் உற்பத்தி தொடங்கியது. கவனிங்க... முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் பீட்டில், வேன் ரெண்டுக்குமே 2.4 மீட்டர்தான். ஆனா, வேன்ல கிடைச்சது 4 கன மீட்டருக்கும் மேல் இடம்!

குறையும் இருந்தது. இன்ஜின் பின்னால் இருந்ததால் அந்தப் பக்கம் தரை உயர்ந்திருந்தது. பின்கதவு வழியாகச் சரக்கு ஏற்ற வழியில்லை. அதனால் பக்கவாட்டில் இரட்டைக் கதவுகள் வைத்தார்கள். இன்ஜினை முன்னால் கொண்டுபோய், பின்னால் தாழ்வான தரை கொடுத்தது இதே வரிசையின் நான்காம் தலைமுறை, 1990-ல்.

1949 ஜனவரியில் பீட்டிலை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் விற்கப் பார்த்தார் பென். எடுபடவில்லை. ஆனால் அவர் வரைந்த பெட்டி, பின்னாளில் அதே அமெரிக்காவில் ஹிப்பி இளைஞர்களின் நடமாடும் வீடாகவே ஆனது. கழற்றி மாட்டும் சீட்களோடும் அது வந்ததால் காலையில் சரக்கு, மாலையில் குடும்பம் என்று மாற்றிக்கொள்ள முடிந்தது. பிரேசிலில் அதன் வாரிசு 2013 வரை தயாரானது.

1968-ல் பென் பான் மறைந்தார். அவர் நோட்டில் வரைந்த அந்தப் பக்கம் இன்று ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அடுத்த தடவை ஒரு வேனைப் பார்த்தா, டிரைவர் எங்கே, இன்ஜின் எங்கே, சுமை எங்கேனு மட்டும் கவனிங்க. டிக்கி பெரிசான கார் இல்ல அதுனு உங்களுக்கே புரிஞ்சிடும்.