ஊரைக் கூட்டிய கல்வியாளர்

மணிமங்கலத்திலிருந்து படப்பையை அடைந்து மேற்கே சென்றால், ஒரகடத்தைக் கடந்து வாலாஜாபாத்துக்குச் சாலை நீளும். தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் இன்று அச்சாலையை நிறைக்கின்றன. ஏரிப் பாசனத்தையும் மழையையும் நம்பி உழவர் வாழ்ந்த நிலப்பகுதி இது. இதற்கப்பால் காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்த நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில், 1912-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12-ஆம் நாள் பிறந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு.

காஞ்சிபுரத்தில் பள்ளிக் கல்வியையும் சென்னை மாநிலக் கல்லூரியில் உயர்கல்வியையும் பெற்ற அவர், தன்மதிப்பு இயக்கத்தில் ஈடுபாடு கொண்டார். 1940-இல் சாதி மறுத்துக் காந்தம் அம்மையாரை மணந்தார். கொள்கையை மேடையோடு நிறுத்தாதவர் என்பதற்கு இதுவே சான்று. கல்வித்துறையில் படிப்படியாக உயர்ந்து, 1954-இல் சென்னை மாநிலப் பொதுக் கல்வி இயக்குநரானார். காமராசர் முதலமைச்சரானதும் அவ்வாண்டில்தான்.

பள்ளிகளைத் திறந்தாலும் வகுப்பறைகள் நிறையவில்லை. ஆடு மேய்த்தால் ஒருவேளை உணவேனும் கிடைக்கும்; பள்ளிக்குப் போனால் அதுவும் இல்லை என்பதே ஏழைக் குழந்தையின் நிலை. பள்ளியிலேயே உணவளிக்க வேண்டும் என்பதில் முதலமைச்சரும் இயக்குநரும் ஒருமனத்தினர். ஆனால், கருவூலம் அதற்கு இடம் தருமா என்ற ஐயம் ஆட்சியாளரிடையே வலுவாக இருந்தது. சுந்தரவடிவேலு ஊர்மக்களிடம் சென்றார். அரிசியும் பருப்பும் விறகும் ஊரார் தர, ஆசிரியர் முன்னின்று நடத்த, பகலுணவு பல சிற்றூர்களில் தொடங்கிற்று. 1956-இல் எட்டயபுரத்தில் காமராசர் இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பின்னர் அரசும் செலவில் பங்கேற்றது.

இப்பட்டறிவிலிருந்து பிறந்ததே பள்ளிச் சீரமைப்பு இயக்கம். 1958-இல், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கடம்பத்தூர் வட்டாரத்தில் அது வெள்ளோட்டம் கண்டது. முதலில் ஆசிரியரும் ஊராரும் கூடித் தம் பள்ளியின் குறைகளை எழுதுவர். ஒழுகும் கூரை, இல்லாத கரும்பலகை, உட்காரப் பலகை, குடிநீர்ப் பானை, சீருடை என அப்பட்டியல் நீளும். எது யாரால் இயலும் என்று அடுத்துப் பேசுவர். செல்வர் கட்டடம் தருவார். உழவர் மரம் தருவார். கொடுக்க ஏதுமற்றவர் தம் உடலுழைப்பைத் தருவார். அதன்பின் மாநாடு கூடும். அங்கே கொடை பெரிதாயினும் சிறிதாயினும் ஊரறியச் சொல்லப்படும்.

இம்மாநாடுகளில் இயக்குநர் அதிகாரியாக வந்து ஆணையிட்டுப் போகவில்லை, கேட்பவராக வந்தார். எளிய தமிழில் பேசினார். கோப்பில் வரும் பள்ளிக்கும் கண்ணில் படும் பள்ளிக்கும் உள்ள தொலைவை அவர் அறிந்திருந்தார். இரந்து பொருள் சேர்ப்பது ஆசிரியர் பணியா என்னும் கேள்விக்கும் இடமுண்டு, அது புறந்தள்ளத்தக்கதன்று. எனினும், அரசுப் பள்ளியாக இருந்தது இதனால் எங்கள் பள்ளியாயிற்று. தான் கொடுத்த பலகையில் தன் பிள்ளை அமர்கின்றானா என்று பார்க்கத் தந்தை பள்ளிக்கு வரத் தொடங்கினால், அவ்வூரில் கல்வி வேரூன்றிவிட்டது எனலாம். 1961-இல் நடுவணரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

1969-இல் அவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். இலட்சுமணசாமி முதலியார் 27 ஆண்டுகள் வீற்றிருந்த இருக்கை அது. 1857-இல் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு, வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளைகள் அப்போது வந்துகொண்டிருந்தனர். பகலுணவு உண்டு பள்ளியில் தங்கிய குழந்தைகள் கல்லூரிப் பருவம் எய்திய காலம் அது. அடுத்தடுத்து இருமுறை அப்பொறுப்பை வகித்து, 1975-இல் விடைபெற்றார்.

ஓய்வுக்காலத்தில் எழுத்தே அவர்தம் பணியாயிற்று. தம் வாழ்வை ‘நினைவு அலைகள்’ என்னும் நூலாக விரித்தெழுதினார். உணவுத் திட்டம் உருவான நாள்களையும் ஊர்தோறும் கூடிய மாநாடுகளையும் பற்றி, அவற்றை முன்னின்று நடத்தியவரே எழுதிய பதிவு அது. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் அவர் மறைந்தார்.