கூத்தாடி என்ற சொல்லும் பம்மல் சம்பந்தனாரின் மேடையும்

நடிப்பவரை இழிவுபடுத்தத் தமிழில் நெடுங்காலம் ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. கூத்தாடி என்றால் போதும். அவருக்கு வீடு வாடகைக்குக் கிடைக்காது, பெண் கிடைக்காது, ஊர்ப் பெரியவர்கள் நடுவே இருக்கை கிடைக்காது. அந்தச் சொல்லின் கறையைத் துடைக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் பம்மல் சம்பந்த முதலியார். தமிழ் நாடகத் தந்தை என்ற பட்டத்தோடு பாடநூலில் சில வரிகளில் நாம் அவரைக் கடந்துவிடுகிறோம். அவர் செய்தது எவ்வளவு துணிச்சலான சோதனை என்பதும், அச்சோதனை எங்கே நின்றுபோனது என்பதும் அவ்வரிகளில் அடங்குவதில்லை.

1873-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். தந்தை விஜயரங்க முதலியார் கல்வித் துறையில் பணியாற்றியவர்; தமிழ் நூல்களை வெளியிட்டவர். புத்தகங்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளை ஆங்கில நாடகங்களில் ஆழ்ந்தார். தமிழ் நாடகங்கள் மீது அவருக்கு வெறுப்பே இருந்தது. விடிய விடிய நீளும் ஆட்டம், கதையை நகரவிடாத பாட்டு, சந்தர்ப்பத்துக்குப் பொருந்தாத விகடம் என அக்கால மேடையில் அவர் கண்ட குறைகள் பல. படித்த குடும்பத்துப் பிள்ளை அந்த மேடையில் ஏறுவது அன்று நினைத்துப் பார்க்க முடியாத செயல்.

அந்த வெறுப்பை மாற்றியது ஒரு தெலுங்குக் குழு. 1891-இல் பல்லாரியிலிருந்து சரச விநோதினி சபையார் சென்னைக்கு வந்து நாடகங்கள் நடத்தினர். அதன் தலைவர் தர்மவரம் கிருஷ்ணமாச்சாரியலு ஒரு வழக்கறிஞர். அவரோடு நடித்தவர்களும் படித்தவர்கள். சமூகத்தில் மதிப்புள்ள பணிகளில் இருந்தவர்கள். நடிப்பு வயிற்றுப்பிழைப்பாக மட்டுமே இருக்க வேண்டியதில்லை, கற்றோர் விரும்பிப் பயிலும் கலையாகவும் இருக்கலாம் என்பதை அந்த இளைஞர் அங்கே கண்டார். அதே ஆண்டு ஜூலை முதல் நாள், பதினெட்டு வயதில், நண்பர்கள் சிலரோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார்.

பழவேற்காட்டு ஏரியோர ஊரான ஆரம்பாக்கத்தைச் சேர்ந்த எனக்கு, அவருடைய வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சென்னையிலிருந்து வடக்கே செல்லும் ரயில் பாதையில் தமிழகத்தின் கடைசி நிலையம் எங்களுடையது. அடுத்த நிலையமான தடா ஆந்திரத்தில் இருக்கிறது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது பழைய பொன்னேரி வட்டத்தின் ஒரு பகுதி அந்தப் பக்கம் போயிற்று. கோடு மாறினாலும் ஏரியும் சந்தையும் இரு மொழிகளிலும் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. நவீனத் தமிழ் நாடகத்தின் தொடக்கத்தில் ஒரு தெலுங்கு நாடகம் இருக்கிறது என்பது எங்களுக்கு வியப்பளிக்கும் செய்தி அன்று. எல்லையோரத்தில் கலை எப்போதும் அப்படித்தான் நடமாடியிருக்கிறது.

சபையின் மேடையில் சம்பந்தனார் செய்த மாற்றங்கள் இன்று சாதாரணமாகத் தோன்றும். பாடல்களைக் குறைத்து, உரைநடை வசனத்தை முதன்மையாக்கினார். இரவு முழுவதும் நீண்ட நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். ஒத்திகையைக் கட்டாயமாக்கினார். குறித்த நேரத்தில் திரை உயர வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். பாட்டுக்காகவே நாடகம் பார்க்க வந்த கூட்டத்தின் முன், பேச்சை நம்பி நிற்பது அன்று பெரும் சோதனை முயற்சி. அவருடைய முதல் நாடகமான ‘புஷ்பவல்லி’ 1893-இல் விக்டோரியா பப்ளிக் ஹாலில் அரங்கேறியது. எங்கள் ஊரிலிருந்து ரயிலில் சென்னை சென்று இறங்குபவர்கள், சென்ட்ரலை ஒட்டி நிற்கும் அந்தச் செங்கல் கட்டடத்தை இப்போதும் பார்க்கலாம்.

அவருக்குப் புகழைத் தந்தது ‘மனோகரா’. சங்கிலியால் பிணைக்கப்பட்ட மகன், தந்தையின் அவையில் சீறி எழும் காட்சி, தமிழ் நடிகர்கள் பல தலைமுறைகளுக்குத் தேர்வாகவே அமைந்துவிட்டது. பாலர் நாடகக் குழுக்கள் அதை ஊர் ஊராகக் கொண்டுசென்றன. 1954-இல் சிவாஜி கணேசன் அதே சங்கிலியோடு திரையில் நின்றபோது வசனம் மு. கருணாநிதியுடையது, கதையின் எலும்புக்கூடு சம்பந்தனாருடையது. ஷேக்ஸ்பியரையும் அவர் தமிழுக்குக் கொண்டுவந்தார். ‘ஹாம்லெட்’ நாடகம் ‘அமலாதித்ய’னாகவும், ‘மெக்பெத்’ ‘மகபதி’யாகவும், ‘வெனிஸ் வணிகன்’ ‘வாணீபுரத்து வணிக’னாகவும் உருமாறின. அமலாதித்யனாக அவரே நடித்தார். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதிய அந்தக் கை, நகைச்சுவையிலும் தாழ்ந்ததில்லை. 1941-இல் வந்த ‘சபாபதி’ திரைப்படம் இன்றும் பார்க்கப்படுவது அதற்குச் சான்று.

இவ்வளவையும் அவர் வழக்கறிஞராகவும், பின்னர் சிறு வழக்குகள் நீதிமன்ற நீதிபதியாகவும் பணியாற்றிக்கொண்டே செய்தார். பகலில் தீர்ப்பு வழங்கியவர் மாலையில் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டார். எஸ். சத்தியமூர்த்தி, சர் சி.பி. ராமசாமி ஐயர் போன்றோர் அச்சபையோடு சேர்ந்து நின்றனர். இவர்களையெல்லாம் கூத்தாடி என்று யாரும் அழைக்கத் துணியவில்லை. சம்பந்தனாரின் வெற்றி அதுவே.

நடிப்பை அவர் ஒரு படிப்பாகக் கருதினார். ‘நாடக மேடை நினைவுகள்’ நூலில் தம் வெற்றிகளை எழுதியதுபோலவே, மேடையில் தாம் செய்த பிழைகளையும் ஒளிக்காமல் எழுதினார். பெண் வேடத்தில் நெடுங்காலம் தமக்கு இணையாக நடித்த நண்பர் ரங்கவடிவேலுவைப் பற்றி அதில் அவர் எழுதியிருப்பவை, சக நடிகர் ஒருவருக்குச் செலுத்தப்பட்ட மிக உயர்ந்த மரியாதைகளுள் ஒன்று. எதிரே நிற்பவர் நன்றாக நடித்தால்தான் தம் நடிப்பு நிற்கும் என்ற அறிவு அதில் தெளிவாகத் தெரிகிறது. 1959-இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1964-இல் மறைந்தார்.

ஆயினும் அந்த மரியாதைக்கு ஒரு விலை இருந்தது. சபையில் நடித்தவர்கள் ஊதியம் பெறாதவர்கள். ஊதியம் தேவைப்படாதவர்கள் என்பதே சரி. நடிப்பால் பிழைப்பவர் தாழ்ந்தவர், நடிப்புக்காக நடிப்பவர் உயர்ந்தவர் என்ற பிரிவு, கறையைத் துடைத்த அதே கையால் மேலும் ஆழமாக எழுதப்பட்டது. பெண் வேடங்களை ஆண்களே ஏற்ற அந்த மேடையில் பெண்களுக்கு இடம் இருக்கவில்லை. நடிகர் என்ற சொல் உயர்ந்தது. கூத்தாடி என்ற சொல் இருந்த இடத்திலேயே இருந்தது.

எங்கள் கரையோர ஊர்களில் அந்த வேறுபாட்டை இன்றும் காணலாம். திரௌபதி அம்மன் திருவிழாவில் துரியோதனனாக விடியும்வரை ஆடியவர், மறுநாள் கூலி வேலைக்கோ ஏரிக்கோ போகிறார். இரவில் அவர் காலடியில் விழுந்து வணங்கிய ஊர், பகலில் அவரைப் பெயர் சொல்லி ஏவுகிறது. சம்பந்தனார் நீக்கிய பாட்டும் நீண்ட இரவும் இவர்களுடைய கலையின் உயிர். அவை வெறும் குறைகள் என்று கருதப்பட்டதால் இழந்தவை பல.

அந்த இழப்பை உணர்ந்தவர்கள் பின்னர் வந்தனர். ந. முத்துசாமி, புரிசையின் நடேசத் தம்பிரானிடம் கூத்தின் ஆற்றலைக் கண்டு, 1977-இல் தொடங்கிய குழுவுக்குக் கூத்துப்பட்டறை என்றே பெயரிட்டார். பழிச்சொல்லாக இருந்ததைப் பெயர்ப்பலகையில் எழுதியது, சம்பந்தனாரின் சோதனைக்கு எதிர்த்திசையில் அமைந்த இன்னொரு சோதனை. ஆனால், படித்தவர்கள் மேடையேறலாம் என்ற வழியை அவர் திறந்திராவிட்டால், முத்துசாமியின் மாணவர்கள் பட்டறைக்கு வந்திருப்பார்களா என்பது ஐயமே.

சம்பந்தனாருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அவருக்குச் சிலை வைப்பதோடு முடிவதன்று. அவர் நீதிபதிகளுக்குப் பெற்றுத் தந்த இருக்கையை, விடியும்வரை ஆடும் கூத்துக் கலைஞருக்கும் பெற்றுத் தர வேண்டும். முறையான ஊதியம், முதுமையில் ஓய்வூதியம், பள்ளிப் பாடத்தில் அவர்கள் கலைக்கும் ஓர் இடம் ஆகியவை அதற்குத் தேவை. அவர் தொடங்கிவைத்த பணியில் எஞ்சியிருப்பது இந்தப் பாதிதான்.