உழைப்பை உயர்த்திய துறவி: ஸ்ரீநாராயண குரு

ஆன்மீகம் வேறு, அன்றாடப் பிழைப்பு வேறு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆன்மாவைப் பற்றி ஞானிகள் பேசட்டும், தொழிலையும் கூலியையும் பற்றி மற்றவர்கள் பேசட்டும் என்று இரண்டிற்கும் நடுவே ஒரு மதிலை எழுப்பிவிடுகிறோம். அந்த மதிலை ஏற்காத மகான்களுள் ஒருவர் ஸ்ரீநாராயண குரு. எல்லா உயிர்களிலும் விளங்குவது ஒரே ஆன்மா என்றால், அந்த ஆன்மா குடிகொண்டிருக்கும் மனிதன் தன் உழைப்பிற்காக இழிவு சுமக்கலாமா? அவரது பிற்கால வாழ்வு முழுவதும் இந்தக் கேள்விக்கான விடையாகவே அமைந்தது.

அருவிப்புறத்தில் தொடங்கிய பணி

திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் 1856-ஆம் ஆண்டு, ஈழவக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். நாணு என்பது வீட்டார் அழைத்த பெயர். மலையாளம், சமஸ்கிருதம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளிலும் தேர்ச்சி பெற்ற அவர், இளமையிலேயே வீட்டைத் துறந்து பல இடங்களில் அலைந்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள மருத்துவாழ்மலைக் குகையில் தவம் புரிந்தார்.

1888-ஆம் ஆண்டு சிவராத்திரி இரவில், அருவிப்புறத்தில் ஓடும் நெய்யாற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். கோயில் வாசலை நெருங்கவும் அனுமதிக்கப்படாத சமுதாயத்தைச் சேர்ந்த ஒருவர் செய்த பிரதிஷ்டை அது. எந்தப் போராட்ட முழக்கமும் இல்லாமல், தியானத்தின் அமைதியிலேயே ஒரு பெரும் மாற்றம் தொடங்கியது.

உழைப்பவர் கையும் விளைபொருளும்

அன்றைய திருவிதாங்கூரின் கடலோரம் தென்னையை நம்பி வாழ்ந்தது. தேங்காய் மட்டைகளை உப்பங்கழி நீரில் மாதக்கணக்கில் ஊறவைப்பார்கள். ஊறிக் கறுத்து, நாற்றமெடுக்கும் அந்த மட்டைகளைப் பெண்கள் கட்டையால் அடித்து நாரைப் பிரித்தெடுத்துக் கயிறாகத் திரிப்பார்கள். ஆலப்புழையில் 1859-ஆம் ஆண்டு ஓர் அயல்நாட்டவர் கயிற்றுப்பாய்த் தொழிற்சாலையை நிறுவினார். அதன்பின் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றின் மிதியடிகளும் பாய்களும் கப்பலேறிச் சென்றன. கயிறு திரித்தவருக்குக் கிடைத்ததோ சொற்பக் கூலியும் தீண்டத்தகாதவர் என்ற பெயரும்தான்.

படித்தவர்களின் நிலையும் வேறாக இல்லை. மருத்துவப் படிப்பை முடித்த டாக்டர் பல்ப்புவிற்குச் சாதியின் காரணமாகச் சொந்த சமஸ்தானத்தில் வேலை மறுக்கப்பட்டது. அவர் மைசூர் சென்று பணியாற்றினார். தம் சமுதாயத்தின் உரிமைகளைக் கோரி, 1896-இல் பதின்மூன்றாயிரத்திற்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தைத் திருவிதாங்கூர் அரசிடம் அளித்தார். இத்தகையோரின் முயற்சியும் குருவின் அருளும் இணைந்து, 1903-இல் ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன யோகம் உருவாயிற்று. கவிஞர் குமாரன் ஆசான் அதன் முதல் செயலாளர் ஆனார்.

சமயப் பெயர் தாங்கிய இந்த அமைப்பு 1905-இல் கொல்லத்தில் கூடியபோது, கூட்டத்தோடு விவசாய, கைத்தொழில் கண்காட்சியையும் நடத்தியது. இகழப்பட்ட கைகளின் ஆக்கம் அங்கே பலரும் கண்டு போற்றும் காட்சிப்பொருளாயிற்று.

தொழில் பற்றிய குருவின் எண்ணம் மிகத் தெளிவானது. தேங்காயையும் நாரையும் கச்சாப் பொருளாகவே மலிவான விலைக்கு விற்றுவிட்டுத் தேவையானவற்றிற்கெல்லாம் பிறரை எதிர்பார்த்து நிற்கும் நிலை மாற வேண்டும் என்றார். ஒருவரால் தொழிற்சாலை தொடங்க இயலாவிட்டால் பலர் சேர்ந்து முதல் போட வேண்டும், இளைஞர்கள் தொழில்நுட்பம் கற்க வேண்டும் என்று வலியுறுத்தினார். குமாரன் ஆசானும் தம் கடைசி ஆண்டுகளில் ஆலுவாய்ப் பகுதியில் ஓட்டுத் தொழிற்சாலை நடத்துவதில் ஈடுபட்டார்.

கடினமான அறிவுரை

பிறர் செய்யும் அநீதியைக் கண்டிப்பது எளிது. தம்மைச் சார்ந்தோரின் வருமானத்தைக் கைவிடச் சொல்வது எளிதன்று. கள் இறக்குவது ஈழவர்களில் ஏராளமானோரின் பரம்பரைத் தொழில். அந்த வாணிபத்தில் செல்வம் சேர்த்தவர்களும் அச்சமுதாயத்தில் இருந்தனர். அவர்கள் மனம் வருந்துவார்களே என்று குரு தயங்கவில்லை. மதுவை உண்டாக்குவதும் கொடுப்பதும் அருந்துவதும் கூடாது என்று விதித்தார். பாளை சீவும் கத்தியைத் துண்டாக்கிச் சவரக் கத்திகள் செய்து, சவரத் தொழிலால் பிழைத்தாலும் அது மேலானது என்று கூறினார்.

எத்தொழிலும் அதைச் செய்பவனை இழிந்தவனாக்குவதில்லை. பிறர் வாழ்வைக் கெடுத்து வரும் வருமானமே அவனைத் தாழ்த்துகிறது. இதுவே அந்த அறிவுரையின் உட்பொருள். விட்டுவிடு என்று சொன்னதோடு அவர் நின்றுவிடவில்லை. கல்வி, நெசவு, வாணிபம், கைத்தொழில் என்று மாற்று வழிகளையும் காட்டினார். பெரும் செலவு வைத்துக் குடும்பங்களைக் கடனில் ஆழ்த்திய சடங்குகளை நிறுத்தச் செய்தார். பல கோயில்களைப் பிரதிஷ்டை செய்த அவரே, இனிக் கல்விக்கூடங்களே கோயில்கள் ஆகட்டும் என்றும் அறிவுறுத்தினார்.

யோகத்தில் சாதியுணர்வு தலைதூக்குவதைக் கண்டபோது, 1916-இல் டாக்டர் பல்ப்புவிற்குக் கடிதம் எழுதி அதனுடன் தமக்கிருந்த தொடர்பை விலக்கிக்கொண்டார். தாழ்ந்தவர் உயர வேண்டும் என்று விரும்பிய அவர், உயர்ந்தவர் மற்றொருவரைத் தாழ்த்துவதையும் ஏற்கவில்லை.

ஆலப்புழைத் தொழிலாளர்கள்

ஆலப்புழைக் கயிற்றுத் தொழிற்சாலைகளில் வேலை நேரத்திற்கு வரையறை இல்லை. அடியும் வசையும் உண்டு. அங்கே மேற்பார்வையாளராக இருந்த வாடப்புறம் பாவா இந்தத் துயரைக் குருவிடம் எடுத்துரைத்தார். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று குரு சொல்லவில்லை. தொழிலாளர்கள் ஒன்று சேர்ந்து சங்கமாகத் திரள வேண்டும் என்றே அறிவுறுத்தினார். 1922-இல் திருவிதாங்கூர் தொழிலாளர் சங்கம் பிறந்தது. கேரளத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் ஏடுகளில் இடம்பெறும் இச்சங்கத்தின் பின்னணியில் ஓர் அத்வைதத் துறவியின் சொல் இருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

கடைசிப் பாடம்

1928-ஆம் ஆண்டு ஜனவரியில் குரு கோட்டயம் நாகம்படம் கோயிலில் தங்கியிருந்தார். அன்பர்கள் சிவகிரி யாத்திரைக்கு அனுமதி கேட்டு வந்தனர். யாத்திரையின் நோக்கம் என்ன என்று அவர் வினவினார். பிறகு தாமே எட்டு நோக்கங்களை வகுத்தளித்தார்: கல்வி, தூய்மை, இறைபக்தி, சங்கம், விவசாயம், வாணிபம், கைத்தொழில், தொழில்நுட்பப் பயிற்சி. யாத்திரிகர்கள் கூடும் இடத்தில் இவை ஒவ்வொன்றையும் பற்றி அறிந்தோர் பேச வேண்டும், கேட்டவர்கள் அதன்படி நடக்க வேண்டும் என்றார். மஞ்சள் ஆடை போதும் என்று சொன்னவர், அதற்காகப் புதுப் பட்டு வாங்க வேண்டாம், இருக்கும் வெள்ளைத் துணியையே மஞ்சளில் தோய்த்துக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஏழையின் செலவுக் கணக்கு வரை சென்ற கருணை அது.

அதே ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் சிவகிரியில் குரு மகாசமாதி அடைந்தார்.

அந்த எட்டு நோக்கங்களில் இறைபக்திக்குப் பக்கத்திலேயே விவசாயமும் கைத்தொழிலும் நிற்கின்றன. நாம் மிதித்துச் செல்லும் ஒரு கயிற்று மிதியடியில் முகமறியாத எத்தனையோ கைகளின் உழைப்பு பின்னிக் கிடக்கிறது. அந்தக் கைகளுக்கு உரிய கூலியும் மதிப்பும் கிடைக்கிறதா என்று கேட்பதும் வழிபாட்டின் ஒரு பகுதியே. நாம் ஈட்டும் பொருள் யாருடைய வாழ்வையாவது கெடுத்து வருகிறதா என்று நம்மையே சோதித்துக்கொள்வது அதனினும் கடினமான சாதனை. ஸ்ரீநாராயண குரு நமக்கு விட்டுச்சென்ற பாடம் இவ்விரண்டுமே ஆகும்.