கப்பலோட்டிய சிதம்பரம் பிள்ளையவர்கள்

கடல்வழிப் பண்டம் அனுப்புவோர்க்கு உளவாம் இடர்கள் பல. கலம் கவிழ்தல், தரை தட்டுதல், உவர்நீர் புகுந்து சரக்குக் கெடுதல் என்னும் இவை யாவரும் அறிந்தன. துறைக்கு வரும் கலமெல்லாம் ஒருவனுக்கே உரியவாயின், அவன் கேட்ட கூலியைக் கொடாதான் சரக்குக் கரையிலேயே கிடக்கும். இவ்விடர் புயலினும் கொடிது. இதனை நீக்கப் புகுந்து தம் வாழ்வை இழந்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள்.

இவர் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையார்க்கும் மகனாய்த் தோன்றினார். சிவபெருமான் கதைகளைப் பாட்டியார் வாயிலாகவும், தமிழை வீரப்பெருமாள் அண்ணாவியாரிடமும் கேட்டு வளர்ந்தார். பின்னர் வக்கீலாய்த் தூத்துக்குடியில் அமர்ந்தார்.

அவ்வூர் இந்நாளில் ஆழ்துறையாகி இவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அந்நாளிலோ பெருங்கப்பல் கரையணுக ஆழமின்மையின் சில மைல் அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். மூட்டைகளைத் தோணியிலேற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தல் வேண்டும். அவ்வாறு வருந்திச் சேர்த்த சரக்கைக் கொழும்பிற்குக் கொண்டுசெல்லும் வாணிபம் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பற் கம்பெனியார் கையில் இருந்தது.

1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பிள்ளையவர்கள் முயற்சியால் சுதேசிக் கப்பற் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவரவர்கள் தலைவராயினார். ஆயின் சொந்தக் கலம் ஒன்றுமில்லை. பம்பாய் ஷாலைன் கம்பெனியாரிடம் வாடகைக்குப் பெற்ற கலங்களும், எதிர்க் கம்பெனியாரது நெருக்கத்தால் மீட்கப்பட்டன. சரக்கேற்ற ஒப்பியவர்க்கு யாது விடை கூறுவது! இலங்கையிலிருந்து ஒரு கலத்தை வாடகைக்கு அமர்த்தி அவ்வேளையைக் கடந்தார். சொந்தக் கலம் வாங்கப் பம்பாய்க்குப் புறப்பட்டபோது மகன் நோயுற்றிருந்தான், மனைவியார் கருவுற்றிருந்தார். நண்பர் தடுத்தும், அவரை ஆண்டவன் காப்பான் என்று சென்றார் என்பர். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கலங்கள் வந்தன.

அதன்பின் கூலிப் போர் மூண்டது. எதிர்க் கம்பெனியார் பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைக்க, இவர் எட்டணாவாகக் குறைத்தார். அவர் கட்டணமே வேண்டா என்றதோடு குடையும் இனாமாகக் கொடுத்தனர் என்று கூறுவர். இதன் சூழ்ச்சி நுட்பமானது. கலம் நிறைந்து சென்றாலும் வெறிதே சென்றாலும் நிலக்கரிச் செலவும் மாலுமியர் சம்பளமும் நின்றபாடில்லை. பல துறைகளில் கலம் விடுவோர் ஓரிடத்து நட்டத்தைப் பிறிதோரிடத்து ஊதியத்தால் ஈடுசெய்வர். ஒரே வழியில் கலம் விடுவோர்க்கு அவ்வாறு செய்ய இடமேது?

1908ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் அரசத் துரோகக் குற்றஞ்சாட்டி அவரைச் சிறைப்படுத்தினர். அவ்வாண்டு ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது, மேல்முறையீட்டிற் குறைந்தது. கோயமுத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்தார். தலைவரை இழந்த கம்பெனி 1911இல் கலைந்தது. காலியா எதிர்க் கம்பெனியார்க்கே விற்கப்பட்டதென்ப. அச்செய்தி அவர்க்குச் செக்கினும் பெருந்துயர் விளைத்திருக்கும்.

1912 டிசம்பரில் விடுதலையானபோது வக்கீற் சன்னதும் இல்லை, பொருளும் இல்லை. பின்னாளிற் சன்னதை மீட்டளிக்கத் துணைநின்ற வாலேசுத் துரையின் நினைவாக ஒரு மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையை 1917இல் அச்சேற்றினார். 1935இல் சிவஞானபோதத்திற்கு எளிய உரை வகுத்தார். வாணிபம் தோற்றமையால் சித்தாந்தத்திற் புகுந்தார் என்பாரும் உளர். யாம் அதற்கு உடன்படேம். பாட்டியார் மடியிற் கேட்டதே முதிர்ந்து உரையாயிற்று. 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், தம் கலங்கள் புறப்பட்ட தூத்துக்குடியிலேயே சிவபெருமான் திருவடி நீழல் எய்தினார்.