பேய்க்கதை எழுதியவரின் கடைசிப் பயணம்

பொள்ளாச்சி பஸ்சில் ஏறி, கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டி, பாலக்காட்டுக் கடைகளுக்கும் இடுக்கி மலைத் தோட்டங்களுக்கும் வேலைக்கு வந்த தமிழர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். ஊருக்குப் பணம் அனுப்பிய மாதம் கடிதம் எழுதுவது சுலபம். அனுப்ப முடியாத மாதம் பேனா ஓடாது.

அப்படிப் பேனா ஓடாத நாளிலும் மனைவிக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்த ஒருவர் உண்டு. அவருக்கு எழுத்துதான் தொழில். பேய், பிசாசு, பிரம்ம ராட்சசன் என்று எழுதி வாசகர்களை நடுங்க வைத்தவர். அவர்தான் புதுமைப்பித்தன்.

நாம் தமிழ்நாட்டில் குடும்பத்தை விட்டுவிட்டுக் கேரளத்துக்கு வந்தோம். அவர் கதை அப்படியே தலைகீழ். அவர் மனைவி கமலாவின் தாய்வீடு திருவனந்தபுரம். அம்மையார் பல மாதங்கள் அங்கே இருப்பார். கணவர் சென்னையில் வாடகை அறையில் இருப்பார். இருவருக்கும் நடுவில் தபால்காரர்.

தாசில்தார் மகன்

புதுமைப்பித்தனின் இயற்பெயர் விருத்தாசலம். 1906-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தை சொக்கலிங்கம் பிள்ளை தாசில்தார். உத்தியோகம் காரணமாகக் குடும்பம் ஊர் ஊராக மாறியது. எட்டு வயதில் தாயார் பர்வதத்தம்மாள் காலமானார். பிறகு வந்தவர் சிற்றன்னை.

தந்தை ஓய்வு பெற்றதும் 1918-ல் சொந்த ஊரான திருநெல்வேலிக்குத் திரும்பினார்கள். அங்கே இந்துக் கல்லூரியில் படித்து 1931-ல் பி.ஏ. பட்டம் பெற்றார் விருத்தாசலம். மகனும் தம்மைப் போல சர்க்கார் உத்தியோகம் பார்க்க வேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனுக்கோ கதைப் புத்தகம்தான் உலகம். அடுத்த ஆண்டு கல்யாணம் நடந்தது. அதன் பிறகும் மகன் மாறவில்லை. வீட்டில் மனக்கசப்பு முற்றி, எழுதிப் பிழைப்பது என்று முடிவு செய்து சென்னைக்கு ரெயில் ஏறிவிட்டார்.

அந்தக் காலத்தில் தமிழில் எழுதிப் பிழைப்பது என்பது ஏறக்குறைய பட்டினி கிடக்கச் சம்மதிப்பது மாதிரி. "மணிக்கொடி" பத்திரிகையில் 1934 முதல் அவர் கதைகள் வரத் தொடங்கின. பேர் கிடைத்தது, காசு கிடைக்கவில்லை. காரைக்குடியில் "ஊழியன்" பத்திரிகையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். பிறகு சென்னையில் "தினமணி"யில் உதவி ஆசிரியர் வேலை.

பகலில் செய்தி, இரவில் பேய்

பத்திரிகை ஆபீஸ் வேலை வெளியே தெரியாத வேலை. இங்கிலீஷில் வரும் தந்திச் செய்தியைத் தமிழில் எழுத வேண்டும். அச்சுக்கோப்பவர் காத்துக்கொண்டிருப்பார். யோசிக்க நேரம் இருக்காது. அந்த வேலை முடிந்த பிறகுதான் சொந்த எழுத்து. சுமார் நூறு கதைகள், நாடகங்கள், கவிதைகள், ஏராளமான மொழிபெயர்ப்புகள் என்று அவர் எழுதியவற்றில் பலவும் இப்படிப் பிறந்தவைதான்.

இங்கிலாந்தில் மேரி ஷெல்லி எழுதிய "பிராங்கன்ஸ்டைன்" கதையை, பிணங்களிலிருந்து மனிதனைச் செய்த விஞ்ஞானியின் கதையை, "பிரேத மனிதன்" என்ற பெயரில் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். சொந்தமாக எழுதிய "காஞ்சனை" 1943-ல் ஒரு தொகுதிக்கே பெயராக அமைந்தது. அந்தக் கதையில் வருபவரும் ஓர் எழுத்தாளர்தான். வீட்டுக்கு ஒரு பிச்சைக்காரி வருகிறாள். மனைவி அவளை வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அதற்குப் பிறகு ராத்திரி ஆனால் தூக்கம் இல்லை. வந்தவள் பேயா, எழுத்தாளரின் பிரமையா? கடைசி வரை கதை பதில் சொல்லாது. விளக்கை அணைத்துவிட்டுப் படித்ததை நினைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் அவர் எழுதியவற்றில் உண்மையாகவே குலை நடுங்க வைக்கும் கதைகளில் பேய் கிடையாது. இது நம் கருத்து.

"செல்லம்மாள்" என்ற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரமநாயகம் பிள்ளை சென்னையில் ஒரு ஜவுளிக்கடைச் சிப்பந்தி. ஊரை விட்டு வந்தவர். வாடகை குறைவு என்பதற்காக நகரத்துக்கு வெளியே குடியிருக்கிறார். மனைவி நோயாளி. கடையில் முன்பணம் கேட்க வேண்டும்; லீவு கேட்க வேண்டும்; வீட்டுக்கு வந்து கஞ்சி வைக்க வேண்டும். கடைசியில் அவள் இறந்துபோகிறாள். பக்கத்தில் சொந்தபந்தம் யாரும் இல்லை. பரதேசத்தில் வேலை பார்க்கிறவன் நெஞ்சுக்குள் வைத்திருக்கும் பயம் அல்லவா அது?

மூணாறிலும் பீர்மேட்டிலும் கொழுந்து பறிக்கிறவர்கள் "துன்பக்கேணி"யைப் படிக்க வேண்டும், அல்லது யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். திருநெல்வேலிச் சீமைக் கிராமம் ஒன்றிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதி என்ற பெண்ணின் கதை அது. 1930-களிலேயே தோட்டத்துக் கூலிகளின் பாட்டை அப்படி ஒருவர் தமிழில் எழுதினார் என்பதே ஆச்சரியம்.

"மகாமசானம்" இன்னொன்று. சென்னையின் ஒரு பெரிய சாலையோரத்தில் பிச்சைக்காரன் ஒருவன் செத்துக்கொண்டிருக்கிறான். ஜனங்கள் போகிறார்கள், வருகிறார்கள். ஒரு குழந்தை மட்டும் நின்று பார்க்கிறது. மகாமசானம் என்றால் பெரிய சுடுகாடு என்று பொருள். நகரத்துக்கு அவர் வைத்த பெயர் அது.

கூடவே வெளியேறினார்

1943-ல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் "தினமணி"யை விட்டு விலகினார். அவரோடு விலகியவர்களில் புதுமைப்பித்தனும் ஒருவர். மாதச் சம்பளம் போனால் வேறு வழி இல்லை என்று தெரிந்தே செய்த காரியம். சொக்கலிங்கம் தொடங்கிய "தினசரி"யில் சேர்ந்தார். அதுவும் நிலைக்கவில்லை.

அடுத்து சினிமா. ஜெமினியின் "அவ்வையார்" படத்துக்காக எழுதினார். "காமவல்லி" படத்துக்கு எழுதினார். கையில் கொஞ்சம் பணம் புரண்டது. சும்மா இருந்தாரா? தாயாரின் பெயரில் பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ் என்று சொந்தப் படக் கம்பெனி ஆரம்பித்தார். குற்றாலக் குறவஞ்சியை வைத்து "வசந்தவல்லி" எடுக்கத் திட்டம். படம் வரவில்லை, பணம் போயிற்று. இதை அவருடைய அசட்டுத் துணிச்சல் என்றுதான் சொல்ல வேண்டும்.

முன்பு பிறந்த குழந்தை இறந்துபோன துயரம் தம்பதிக்கு உண்டு. 1946-ல் தினகரி பிறந்தாள். இனியாவது நாலு காசு சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிட்டது.

அப்போது சிறையிலிருந்து விடுதலையாகி வந்திருந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் "ராஜ முக்தி" என்ற படத்தைப் புனாவில் எடுத்துக்கொண்டிருந்தார். வசனம் எழுதப் புதுமைப்பித்தன் புனாவுக்குப் போனார். அங்கேதான் க்ஷயரோகம் முற்றியது.

இன்றைக்கு க்ஷயத்துக்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக மாத்திரை கொடுக்கிறார்கள். விடாமல் சாப்பிட்டால் குணமாகிறது. 1948-ல் நிலைமை வேறு. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து கண்டுபிடித்து ஐந்தே வருடம் ஆகியிருந்தது. நம் நாட்டில் அது கிடைப்பது அரிது. விலையும் ஏழை எட்டிப் பிடிக்க முடியாதது.

மே மாதம் திருவனந்தபுரத்துக்கு வந்து சேர்ந்தார். பல வருடங்களாகக் கடிதம் போட்டுக்கொண்டிருந்த விலாசத்துக்கு ஆளே வந்துவிட்டார், ஆனால் எலும்பும் தோலுமாக. அப்போது கேரளம் என்ற மாநிலம் பிறக்கவில்லை. அது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1948 ஜூன் 30-ந் தேதி அங்கேயே காலமானார். வயது 42. அவர் வசனம் எழுதிய "ராஜ முக்தி" திரைக்கு வந்தபோது அவர் இல்லை.

வேண்டாம் என்றார், செய்தார்கள்

புதுமைப்பித்தன் ஒரு கவிதையில், தான் செத்த பிறகு நிதி திரட்ட வேண்டாம், கல்லில் நினைவுச் சின்னம் எழுப்ப வேண்டாம் என்று கிண்டலும் கோபமுமாகச் சொல்லியிருந்தார். உயிரோடு இருக்கும்போது திரும்பிப் பார்க்காத ஊர், செத்த பிறகு உண்டியல் குலுக்குவதை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

ஆனால் இங்கே விதவையாக ஒரு பெண்ணும், இரண்டு வயதுக் குழந்தையும் நின்றார்கள். எழுத்தாளர்களும் நண்பர்களும் அவர் பேச்சை மீறி, குடும்பத்துக்காக நிதி திரட்டினார்கள். அவர் விருப்பத்தை மதிக்கவில்லையே என்று சிலர் குறை சொல்லக்கூடும். நமக்கு அப்படித் தோன்றவில்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை கவிஞருக்கு உண்டு; பால் வாங்க வேண்டிய வீட்டுக்கு அது கட்டுபடி ஆகாது. ஆனால் ஒரு கேள்வி நெஞ்சில் நிற்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி மே மாதத்திலேயே மருந்துக்கு வந்திருந்தால்?

நண்பர் தொ.மு.சி. ரகுநாதன், புதுமைப்பித்தனின் வாழ்க்கை வரலாற்றை 1951-ல் எழுதி வெளியிட்டார். 2002-ல் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது.

கமலா அம்மையாரும் கதைகள் எழுதியவர் என்பது பலருக்குத் தெரியாது. கணவர் சென்னையிலிருந்தும் புனாவிலிருந்தும் போட்ட கடிதங்களை அவர் தூக்கி எறியவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது, பணம் எப்போது வரும், எப்போது சேர்ந்து குடித்தனம் செய்யலாம் என்று எழுதிய கடிதங்கள் அவை. ஒவ்வொன்றையும் பத்திரமாக வைத்திருந்தார். பின்னாளில் அவை புத்தகமாக வந்தன.