தமிழ் அச்சுத் தந்தை அண்டிரிக் அடிகளார்

(பத்தாம் வகுப்பு மாணவி)

எங்கள் வீட்டிலே மாலைச் செபமாலை முடிந்ததும் எழுந்து ஓடிவிட முடியாது. பாட்டி அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டுவார்கள். அன்றைய புனிதரின் வரலாற்றை நான் உரக்கப் படிக்க வேண்டும். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. பரீட்சைக் காலத்தில் இது எனக்குப் பெருஞ்சுமையாகத் தோன்றும். ஒருநாள் அவசரத்தில் ஒரு பக்கத்தை அப்படியே தாண்டிவிட்டேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தார்கள். அந்தப் பார்வை என்னை வருத்தியது. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கென்று இத்தகைய நூலை முதன்முதலாக அச்சிட்டுத் தந்தவர் யார் என்று தேடிப் படித்தேன். அப்பெரியாரின் வரலாற்றையே அன்புத் தோழியரே, உங்கள் முன் வைக்கிறேன்.

போர்த்துக்கல் நாட்டிலே விலா விசோசா என்னும் ஊரில் 1520-ஆம் ஆண்டு பிறந்தார் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். தமிழ் மக்கள் பிற்காலத்தில் அவரை அண்டிரிக் அடிகளார் என்று அழைத்தனர். அவருடைய முன்னோர் யூத குலத்தவர். இளமையிலேயே துறவு வாழ்வை நாடிப் பிரான்சிஸ்கு சபையிலே சேர்ந்தார். ஆனால் யூத வழிவந்தவர் என்ற காரணத்தால் அச்சபையை விட்டு வெளியேற நேர்ந்தது. நம் ஆண்டவரும் அவருடைய திருத்தாயும் யூத குலத்திலே பிறந்தவர்கள் அல்லரோ? அதே குலத்தில் வந்தது அன்று ஒரு குற்றமாகக் கருதப்பட்டது! வேறொருவராயின் மனம் கசந்து போயிருப்பார். அவரோ இறைவனின் அழைத்தலை விடவில்லை. கோயிம்பிரா நகரில் கல்வி பயின்று, 1545-இல் சேசு சபையில் சேர்ந்தார். மறு ஆண்டே கப்பலேறிக் கோவா வந்தடைந்தார்.

அந்நாளில் முத்துக்குளித்துறை எவ்வாறு இருந்தது? 1535-க்கும் 1537-க்கும் இடையில் அக்கடற்கரைப் பரதவ மக்கள் பெருந்தொகையினராய் ஞானஸ்நானம் பெற்றனர். ஆனால் அவர்களுக்கு மறையைக் கற்பிக்கப் போதிய குருக்கள் இல்லை. 1542-இல் வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் ஊர் ஊராக நடந்து செபங்களைக் கற்பித்தார். அவருக்கும் பல நாடுகள் காத்திருந்தன. இந்நிலையில் 1547-இல் அண்டிரிக் அடிகளார் இக்கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்.

வந்தவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. முதலில் மொழிபெயர்ப்பாளரைத் துணையாகக் கொண்டே போதித்தார். ஆனால் தாம் கூறுவது ஒன்றாகவும் மக்கள் காதில் விழுவது வேறாகவும் இருப்பதை உணர்ந்தார். சொல் மாறினால் பொருள் மாறும். பொருள் மாறினால் விசுவாசமே மாறும் அன்றோ? ஆகவே எப்பாடு பட்டாகிலும் தமிழைத் தாமே கற்பது என்று உறுதி பூண்டார். இலத்தீன் இலக்கணம் கற்ற முறையிலேயே தமிழ் வினைச்சொற்களையும் வேற்றுமைகளையும் வரிசைப்படுத்தி எழுதிப் பயின்றார். சில மாதங்களிலேயே துணையின்றிப் பேசும் ஆற்றல் பெற்றார். தமக்குப்பின் வரும் குருக்களும் எளிதில் கற்க வேண்டும் என்று போர்த்துக்கீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணமும் எழுதினார். ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் இலக்கணம் அதுவே.

கடற்கரை வாழ்வு எளிதாக இருக்கவில்லை. 1549-இல் அங்கே தலைவராக இருந்த அந்தோணி கிரிமினாலி அடிகளார் வேதாளையிலே கொல்லப்பட்டார். அப்பொறுப்பு அண்டிரிக் அடிகளாரின் தோள்மீது விழுந்தது. போரும் நோயும் பஞ்சமும் மக்களை வாட்டிய காலம் அது. அவர் அஞ்சி ஓடவில்லை. புன்னைக்காயலிலே ஏழை நோயாளிகளுக்கென ஒரு மருத்துவமனையை ஏற்படுத்தினார்.

ஆயினும் ஒரு கவலை அவரை விட்டு நீங்கவில்லை. நீண்ட கடற்கரை, ஊர்களோ பல, குருக்களோ மிகச் சிலர். ஓர் ஊரில் பூசை முடித்துப் புறப்பட்டால் மறுபடி அங்கே வர எத்தனை நாளாகுமோ! குருவானவர் இல்லாத நாட்களில் அக்குடும்பங்களின் விசுவாசத்தை எது காப்பாற்றும்? குருவானவர் போன பின்பும் போகாமல் வீட்டிலேயே தங்கியிருக்கும் ஒன்று வேண்டும். அதுவே புத்தகம்.

ஓலைச் சுவடியை ஒவ்வொன்றாக எழுத்தாணியால் எழுதி எத்தனை வீடுகளுக்குக் கொடுக்க முடியும்? 1554-இல் லிஸ்பன் நகரில் ஒரு தமிழ்ச் செபநூல் அச்சாகியிருந்தது. ஆனால் அதில் தமிழ் உரோமன் எழுத்துக்களிலே இருந்தது. நம் மக்களுக்குத் தெரிந்ததோ தமிழ் எழுத்து. எனவே கோவாவிலும் கொல்லத்திலும் சேசு சபையினர் தமிழ் எழுத்துக்களை உலோகத்தில் வார்த்தனர். கடலில் மூச்சை அடக்கி முத்தெடுத்த பரதவ மக்களே அச்சுப் பணிக்குப் பொருளுதவி செய்தனர்.

1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்திலே 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல் அது. ஆயினும் அதன் பெருமை சிறிதன்று. இந்திய மொழிகளுள் தன் சொந்த எழுத்திலே முதன்முதல் அச்சேறிய மொழி தமிழே என்னும் புகழை அச்சிறு நூல் நமக்குத் தேடித் தந்தது. மறு ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. பாவசங்கீர்த்தனத்திற்கு உதவும் நூல் 1580-இல் வந்தது.

1586-இல் அச்சான 'அடியார் வரலாறு' என்னும் நூலே இவற்றுள் மிகப் பெரியது. அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலிலே புனிதர்களின் சரிதைகள் திருநாட்களின் வரிசைப்படி அமைந்துள்ளன. அதைப் புலவர்களுக்கென்று கடினமான செந்தமிழில் அவர் எழுதவில்லை. அக்கடற்கரை மக்கள் நாவில் வழங்கிய எளிய தமிழிலேயே எழுதினார். ஏன்? வீட்டில் ஒருவருக்கு எழுத்துத் தெரிந்தால் போதும். அவர் படிக்க, தெரியாதவரும் கேட்டுப் பயன் பெறலாம். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பாட்டியின் நினைவு வந்தது.

ஐம்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ் மக்களோடு வாழ்ந்த அடிகளார், தம் எண்பதாம் வயதிலே, 1600-ஆம் ஆண்டு புன்னைக்காயலில் இறைவனடி சேர்ந்தார். தூத்துக்குடியில் அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார். கிறிஸ்தவர் மட்டுமன்றிச் சுற்றூர்களில் வாழ்ந்த பிற சமயத்தவரும் அவருக்காகத் துக்கம் காத்தனர். குலத்தின் பெயரால் ஒரு நாளிலே புறந்தள்ளப்பட்டவரை எல்லாக் குலத்தவரும் தம்மவராக ஏற்றுக்கொண்ட காட்சி அது!

காலப்போக்கிலே அவருடைய நூல்கள் நம் நாட்டிலே மறக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் தனிநாயகம் அடிகளார் மேல்நாட்டு நூலகங்களில் இருந்த இப்பழைய தமிழ் நூல்களின் சிறப்பை உலகறியச் செய்தார். சேசு சபையைச் சேர்ந்த இராசமாணிக்கம் அடிகளார் 1967-இல் 'அடியார் வரலாறு' நூலை மீண்டும் பதிப்பித்தார். முதலில் அச்சான தம்பிரான் வணக்கத்தின் பிரதி ஒன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலே பாதுகாக்கப்பட்டு வருகிறது.

அன்புத் தோழியரே! எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட நாம் பேறு பெற்றவர்கள். அப்பேறு நமக்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டிலே கண் மங்கியவர்கள் இருக்கலாம், எழுத்தறியாதவர்கள் இருக்கலாம். நாளுக்குக் கால்மணி நேரம் அவர்கள் அருகில் அமர்ந்து ஒரு நல்ல நூலைப் படித்துக் காட்டுவோம். அண்டிரிக் அடிகளாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவாகவே இருக்கட்டும்.

பாட்டியின் புத்தகத்திற்குப் பழுப்புத் தாளில் புதிய உறை போட்டுவிட்டேன். அன்று தாண்டிய பக்கத்தையும் பாட்டிக்கு மறுபடி படித்துக் காட்டினேன். இப்பொழுது ஒரு வரியையும் விடுவதில்லை.