ஆங்கிலிக்கன் பிஷப் ஆன முதல் இந்தியர் ஒரு தமிழர்... யார் இந்த அசரியா?

கிள்ளையிலிருந்து சிதம்பரம், சீர்காழி வழியாகத் தெற்கே போனால் தரங்கம்பாடி. டேனிஷ் கோட்டையைப் பார்க்க வீக்எண்டில் போயிருப்பீங்க. 1919 மே மாதம் அதே ஊரில் பாதிரியார்கள் சிலர் கூடினார்கள். ஐரோப்பாவில் எப்போதோ நடந்த சண்டைகளுக்காக, நம்ம ஊர் சபைகள் ஏன் பிரிந்து கிடக்கணும் என்பதுதான் பேச்சு. கூட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

யார் இவர்?

1874-ல், இன்றைய தூத்துக்குடி மாவட்டம் வெள்ளாளன்விளையில் பிறந்தார். அப்பா கிராமத்துப் பாதிரியார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் டிகிரி வாங்கவில்லை. ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராக வேலை பார்த்தார். 1903-ல் இந்தியர்களே பணம் போட்டு, இந்தியர்களே நடத்தும் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் உருவாக முக்கியக் காரணம் இவர்தான். 1909-ல் தானே மிஷனரியாகக் கிளம்பி, நிஜாம் ஆட்சியில் இருந்த டோர்னக்கலுக்குப் போனார். இன்று அது தெலங்கானாவில் இருக்கிறது.

எடின்பரோவில் என்ன நடந்தது?

1910-ல் அங்கே உலக மிஷனரி மாநாடு. வந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். மேடையேறிய அசரியா, மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி சொன்னார். ஆனால், இந்தியர்களை நண்பர்களாக நடத்துவதில்லை என்பதையும் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். சிலர் கைதட்டினார்கள், சிலர் கொதித்தார்கள்.

பிஷப் ஆனது எப்படி?

சென்னை பிஷப் ஹென்றி ஒயிட்ஹெட் இவருக்கு ஆதரவாக நின்றார். ஓர் இந்தியரின் கீழ் வேலை செய்வதா என்று ஐரோப்பியர்கள் சிலர் எதிர்த்தார்கள். அதையும் மீறி 1912 டிசம்பர் 29-ல் கொல்கத்தாவில் பிஷப் ஆனார். டோர்னக்கலில் மாலா, மாதிகா உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட மக்களிடையே தெலுங்கில் பணியாற்றினார். மதமாற்றம் விஷயத்தில் காந்தியோடு இவருக்குக் கருத்து மோதல் உண்டு. அதேசமயம், கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்றும் சொன்னவர்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் என்ன?

1945 ஜனவரி 1-ல் இறக்கும்வரை, ஆங்கிலிக்கன் மறைமாவட்டம் ஒன்றுக்குத் தலைமை வகித்த ஒரே இந்தியர் இவர்தான். 32 வருஷத்தில் இரண்டாவது ஆள் வரவே இல்லை. கதவு திறந்தது உண்மை. ஆனால் ஒருவர் நுழையும் அளவுக்குத்தான்.

தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு 1947 செப்டம்பர் 27-ல் பலித்தது. அன்று உருவானதுதான் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. அதைப் பார்க்க அசரியா இல்லை.